பழைய போர் லொறி விற்பனைக்கு

அத்தியாயம் 14

போன கிழமை தர்மிளாவைக் கிணற்றடியில் அழவிட்டு வந்தோம், பிள்ளைகளே. கவலைப்படாதீர்கள், அவள் முகம் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு நின்று அழவும் எங்கே நேரம்?

அழுததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். அவள் கணவன் சதீஸுக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தை பிறந்ததும் கட்டாருக்கு வேலைக்குப் போகலாம் என்று முகவர் சொல்லிவிட்டார்.

"ஒரு சின்ன லொறி இருந்தால் கண்டாவளையிலேயே மரக்கறி ஏத்திப் பிழைப்பன். ஒண்டுமில்லாமல் இஞ்ச நிண்டு என்னத்தைச் செய்யிறது?" இதுதான் அவன் கதை.

அந்தச் சின்ன லொறிக்கு வழி வீட்டு முற்றத்திலேயே நின்றது. மாமனார் வீரையாவின் பழைய பெரிய லொறி. அதை விற்றால் புதியதுக்கு முற்பணம் கட்டலாம். சதீஸ் போகத் தேவையில்லை. பிறக்கப்போகும் பிள்ளை அப்பாவைப் போனில் பார்த்து வளரத் தேவையில்லை.

வீரையாவிடம் கேட்டுச் சில நாள் போயிற்று. பிறகு ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டே, "வித்துப்புடுங்க," என்றார். அதோடு வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டார்.

உடனே தர்மிளா லொறியை முன்னுக்கும் பின்னுக்குமாகப் படம் எடுத்து, போனில் விளம்பரம் போட்டாள்.

'பழைய போர் லொறி விற்பனைக்கு. நல்ல நிலையில் உள்ளது. ஒரே சாரதி ஓட்டியது.'

போட்ட கொஞ்ச நேரத்தில் கீழே பெடியள் எழுதத் தொடங்கினார்கள். 'குண்டும் சேர்த்துத் தருவியளோ அக்கா?' 'ஓடுமோ, சுடுமோ?' சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன.

"விசர்ப் பெடியள்," என்று தர்மிளா போனைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று பின்னேரமே கனடாவில் இருந்து வந்திருக்கும் கதிர்காமநாதன் என்பவர் அழைத்தார். "தங்கச்சி, இதைத்தான் நான் எவ்வளவு காலமாத் தேடித் திரியிறன். வேற ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. நான் நேரில வாறன்." விலையைக்கூட அவர் கேட்கவில்லை.

இன்றைக்கு அவர் வருகிற நாள்.

மார்கழி மழை விடிய விடியப் பெய்து ஓய்ந்திருந்தது. மாமியார் சுப்பம்மா வந்தவருக்குக் கொடுக்க உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வீரையா சவரம் செய்து, திருவிழா வேட்டியைக் கட்டி, லொறியின் முன்கண்ணாடியை அரைமணி நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்க மனமில்லாதவர் ஏன் இப்படித் துடைக்கிறார் என்று தர்மிளா யோசித்தாள். விற்க மனமில்லாததால்தான் துடைக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

சதீஸ் ஒழுங்கையால் ஓடி வந்தான்.

"அப்பா, அவையின்ர வான் மதகடியில புதைஞ்சிட்டுது! ட்ரைவர் முடுக்க முடுக்க இன்னும் கீழ போகுது."

வீரையாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "பொதைஞ்சா என்னா? நம்மகிட்ட என்னா வண்டி நிக்குது?"

முன்னால் இரும்புக் கம்பியைச் செருகி சதீஸ் ஒரு சுழற்றுச் சுழற்றினான். லொறி இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, பிறகு உடம்பெல்லாம் குலுங்கி எழும்பியது. வீரையா ஏறி உட்கார்ந்தார். ஒழுங்கையில் நின்ற மாடுகள் தாங்களாகவே ஒதுங்கின.

மதகடியில் வெள்ளை வான் ஒன்று பின்பக்கம் சேற்றில் இருக்க மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சதீஸ் சங்கிலியைக் கொளுவினான். லொறி ஒருமுறை இழுத்தது. பின்சில்லு சுற்றியதே தவிர வான் அசையவில்லை.

"இழுக்குதில்லை அப்பா! போர் போடுங்கோ! போர்!"

வீரையா குனிந்து, கால் பக்கம் இருந்த சிவப்புப் பிடியை மடேரென்று தள்ளினார். நான்கு சில்லும் ஒன்றாகச் சேற்றைக் கவ்வின. வான் பல் பிடுங்கியதுபோலச் சேற்றிலிருந்து வெளியே வந்தது.

வானின் யன்னலால் ஒரு கை நீண்டிருந்தது. கையில் படம் பிடிக்கிற போன். உள்ளேயிருந்து பரவசமான ஒரு குரல்: "கேட்டனீங்களோ உறவுகளே? போராம்! இண்டைக்கும் அவையின்ர வாயில அந்தச் சொல்தான் வருகுது!"

இயந்திரச் சத்தத்தில் அது வீரையாவுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்கிலியை அப்போதே கழற்றியிருப்பார்.

உங்களில் வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நாலுக்குப் 'போர்' என்றுதானே எங்கள் சனம் சொல்லும்? நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வாகனம் போர் வீல். காலப்போக்கில் அந்த வீல் கழன்று விழுந்துவிட்டது. மிச்சம் நின்றது போர் லொறி. காட்டுக்குள் மரம் இழுக்க வந்த அந்த வண்டிக்கும் சண்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கண்டாவளையில் வயல் செய்கிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தர்மிளாவுக்கும் இது அவ்வளவு தெரிந்த சொல். அதனால்தான் அதை எழுதும்போது அதற்கு இன்னொரு பொருள் இருப்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

கதிர்காமநாதன் முற்றத்தில் இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல துணியில் சட்டை, முழங்கால் வரை சேறு. மனிதர் மரியாதையானவர். சுப்பம்மாவைக் கும்பிட்டார், வடையை வாங்கிச் சாப்பிட்டார், "இந்த ருசி கனடாவில கிடைக்காது அம்மா," என்றார். தர்மிளாவுக்கு அவரைப் பிடித்துக்கூடப் போயிற்று.

பிறகு அவர் லொறியைச் சுற்றினார். கோயில் வீதியைச் சுற்றுவதுபோலத்தான் சுற்றினார்.

"ஐயா, இந்தத் துளையள்?" கதவின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "ஷெல் பட்டதோ?"

"துரு," என்றார் வீரையா. "உப்புத் தண்ணிக்குள்ள கொஞ்ச காலம் நின்னிச்சு."

"இந்தப் பச்சை நிறம் அப்பவே அடிச்சதோ?"

"போன வருசம். கடையில அந்தப் பெயின்ட்தான் இருந்திச்சு."

கதிர்காமநாதன் சிரித்தார். தெரிந்துகொண்டவனின் சிரிப்பு அது. குரலைத் தாழ்த்தினார். "ஐயா, சண்டைக் காலத்தில இயக்கத்தில எந்தப் பிரிவுக்கு ஓடினது?"

வீரையா கையிலிருந்த துணியை மடித்தார். "எந்தப் பிரிவுக்கும் ஓடல. மர ஆலைக்கு ஓடிச்சு. ஆலை மூடுனப்ப மொதலாளி எனக்குக் குடுத்துட்டாரு. அப்புறம் நெல்லுக்கு ஓடிச்சு. மழைக்குள்ள வேற எந்த வண்டியும் வயலுக்குள்ள எறங்காது. புள்ளப் பெறப் போற பொம்பளைங்களயும் ஏத்திருக்கேன், செத்தவங்களயும் ஏத்திருக்கேன்."

"ஓம், ஓம். ஆனால் விளம்பரத்தில உண்மையைத்தானே போட்டிருக்கிறியள்?" அவர் போனை நீட்டினார். "போர் லொறி. கண்டவுடன எனக்கு மயிர் கூச்செறிஞ்சிட்டுது."

தர்மிளா தான் எழுதியதைத் தானே முதன்முறையாக வாசித்தாள். பழைய போர் லொறி. பெடியளின் சிரிப்பு இப்போதுதான் விளங்கிற்று. காதுமடல் சுட்டது.

"ஐயோ அண்ணை, அது நாலு! போர் வீல் எண்ட போர். நான் யோசிக்காமல் எழுதிப்போட்டன்."

"கெட்டித்தனம்," என்றார் கதிர்காமநாதன். "ஆரும் கேட்டால் இப்பிடித்தான் சொல்ல வேணும். நல்லாச் சொன்னீங்கள் தங்கச்சி."

என்ன சொல்ல இந்த மனிதரிடம்!

அவர் தன் திட்டத்தை விரித்தார். புளியங்குளம் தாண்டி, ஏ-ஒன்பது வீதியோரம் ஒரு பெரிய ஹோட்டல் கட்டுகிறார். வாசலில் இந்த லொறி நிற்கும். இலைதழை நிறம் அடிப்பார். துருத்துளை போதாது, அவருடைய ஆள் இன்னும் நல்ல துளைகள் போட்டுத் தருவான். பக்கத்தில் ஒரு பலகை. உள்ளே ஒரு திரை, அதில் ஐயா தன் வாயால் கதை சொல்வார். "வாற சனத்துக்கு எங்கட வரலாறு தெரிய வேணும்தானே? சாப்பாட்டு மண்டபத்துக்குப் பங்கர் எண்டு பேர் வைச்சிருக்கிறன்."

சுப்பம்மா வடைத்தட்டோடு நின்றாள். "பங்கருக்குள்ளயா சோறு திம்பாங்க?"

"ஓம் அம்மா. நிலத்துக்குக் கீழதான். ஏசி போட்டிருக்கிறம்."

"நாங்க இருந்த பங்கருல முழங்கா அளவுக்குத் தண்ணி நின்னிச்சு தம்பி."

கதிர்காமநாதன் ஒரு கணம் யோசித்தார். "அதையும் செய்யலாம் அம்மா. ஒரு பக்கத்தில சின்னதா..."

சுப்பம்மா வடைத்தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். அவர் தட்டில் இரண்டாவது வடை வைக்கப்படவே இல்லை.

அவர் விலையைச் சொன்னார். சதீஸ் கேட்டது பிழையோ என்று மறுபடி கேட்டான். பிழையில்லை. அந்த விலைக்குச் சின்ன லொறி வரும், அதற்கு மேலும் மிஞ்சும். கட்டார் என்ற ஊரையே மறந்துவிடலாம்.

தர்மிளா தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்தாள்.

"ஒண்டே ஒண்டுதான்," என்றார் கதிர்காமநாதன். "ஐயா இயக்கத்துக்கு ஓடினதெண்டு ஒரு வசனம் கமராவுக்கு முன்னால சொல்ல வேணும். இல்லாட்டி இது சும்மா பழைய இரும்புதானே?"

"ஓடலயே தம்பி."

"பயப்பிடாதேங்கோ ஐயா. இப்ப காலம் மாறிப்போச்சு. இப்ப சொல்லலாம்."

"அப்பா," என்றான் சதீஸ் மெல்ல. "ஒரு சொல்தானே. சொன்னால் என்ன குறைஞ்சிடும்? நான் போகத் தேவையில்லை. உங்கட பேரப்பிள்ளை—"

வீரையா மகனைப் பார்த்தார். பிறகு வந்தவரைப் பார்த்தார். கதிரையிலிருந்து எழும்பினார். மாமனார் குரல் உயர்த்தித் தர்மிளா கேட்டதில்லை. இன்று கேட்டாள்.

"பயமா? எனக்கா? தம்பி, நீங்க சொன்னீங்களே, பயப்படாம சொல்லுங்கன்னு. சண்ட முடிஞ்சு எங்கள அடைச்சு வச்ச முகாமுல ஒருத்தன் இதையேதான் சொன்னான். கதிரை போட்டு உக்கார வச்சு, தேத்தண்ணி குடுத்து, பயப்படாம சொல்லு ஐயான்னான். நான் நாலுன்னேன். அவன் போருன்னான். நாலு சக்கரம்யான்னு வெரலக் காட்டுனேன். தேத்தண்ணியத் தூர வச்சுட்டு அடிச்சான்."

கதிர்காமநாதன் அசையாமல் நின்றார்.

"அப்பா, நீங்கள் இதை எனக்குச் சொல்லேல்லை," என்றான் சதீஸ்.

"என்னான்னுடா சொல்றது? வரிசையில வீரையான்னு கனபேரு. எந்த வீரையாவக் கூப்புடுறாங்கன்னு தெரியல. தெரிஞ்ச மனுசன் ஒருத்தர், எனக்கு ஒதவி செய்யறதா நெனச்சு, 'போர் லொறி வீரையா, உங்களைத்தான் கூப்பிடினம்'னு கத்துனாரு. ஊருல என் பேரே அதானே? ஆமா, போர் லொறி வீரையா நான்தான்னு நானும் கையத் தூக்குனேன். மொழிபெயர்க்கிறவன் எழுதிக்கிட்டான். அன்னைக்குக் கொண்டு போனாங்க. திரும்பி வந்தப்ப நீ மீசையோட நின்ன. எனக்கே அடையாளம் தெரியல."

அவர் லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"போர் லொறி இல்லன்னு சொன்னதுக்கு அடிச்சாங்க. இப்ப, போர் லொறின்னு சொல்லு, காசு தர்றேன்னு ஒருத்தர் வந்து நிக்கிறாரு. ஏன் தம்பி, நான் உண்மையச் சொல்ல எப்பத்தான் விடுவீங்க?"

கதிர்காமநாதனின் கண் கலங்கித்தான் இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரம். கலங்கிய கண்ணோடு அவர் சொன்னது இது:

"என்ன ஒரு கதை! ஐயா, நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் வற்புறுத்தேல்லை. லொறியை மட்டும் தாங்கோ, அதே விலை. பலகையில என்ன எழுதிறதெண்டதை நான் பாத்துக்கொள்ளுறன்."

கேட்டீர்களா? வாயால் பொய் சொல்ல வேண்டாம். பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். பொய்யை அவர் எழுதிக்கொள்வார்.

சதீஸ் தகப்பனைப் பார்த்தான். வீரையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விக்கணும்னு போட்டது மருமவ. அவ சொல்லட்டும்."

தர்மிளா கணக்குப் பார்த்தாள். 'ஓம்' என்றால் கணவன் வீட்டில். 'இல்லை' என்றால் தை மாதம் விமானநிலையம்.

"பலகையில மாமாவின்ர பேர் வருமோ?" என்று கேட்டாள்.

"பின்னை? பேர் இல்லாட்டி ஆர் நம்புவினம்? படமும் போடுவன். இந்த வேட்டியோட, இப்பிடியே லொறியில சாஞ்சுகொண்டு."

"அப்ப இல்லை."

"தங்கச்சி, வடிவா யோசிச்சு—"

"யோசிச்சிட்டன். உங்கட பலகையில ஒரு சொல், எங்கட மாமாவுக்கு ஒரு ஆயுள். எழுதினது நான், பிழையா எழுதினதும் நான். அந்தப் பிழையை நீங்கள் விலைக்கு வாங்க ஏலாது. வெளிக்கிடுங்கோ அண்ணை. மழை இருட்டுது, மதகடியில திரும்பவும் புதைஞ்சிடுவீங்கள். இந்தமுறை வரம்போரப் பாதையால சுத்திப் போங்கோ."

கதிர்காமநாதனுக்குக் கோபம் வரவில்லை. அது தர்மிளாவுக்கு அப்போதே வினோதமாகத்தான் பட்டது. அவர் சட்டைப்பையை மெல்லத் தட்டிக்கொண்டார். "பரவாயில்லை தங்கச்சி. வந்தது வீண் போகேல்லை," என்றார். வான் வரம்போரமாகச் சுற்றிப் போய் மறைந்தது.

அது போனதும் சதீஸ் வெடித்தான்.

"நீதானே போக வேண்டாம் எண்டு அழுதனி? கிணத்தடியில நிண்டு அழுதனி! இப்ப நீயே அனுப்பி வைக்கிறாய்!"

"ஓம், அழுதனான். இனியும் அழுவன்."

"ஒரு பலகை! அந்தப் பக்கம் நாங்கள் போகப்போறமோ? வாசிக்கப் போறமோ?"

"நாங்கள் வாசிக்க மாட்டம். வாசிக்கிறவை வாசிப்பினம். பிறகு ஒருநாள் கதிரை போட்டு, தேத்தண்ணி குடுத்துக் கேப்பினம். அண்டைக்கு நீங்கள் கட்டாரில நிப்பியளோ, இஞ்ச நிப்பியளோ தெரியாது. போங்கோ, போய் அங்க இருந்து போனில பாருங்கோ—"

போன் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் தர்மிளா அப்படியே நின்றாள்.

"இஞ்சேருங்கோ. அவர்ர சட்டைப்பை."

"என்ன சட்டைப்பை?"

"போன் பைக்கு மேலால எட்டிப் பாத்துக்கொண்டு இருந்தது. கமராக் கண் வெளியில. மாமா கத்தினது முழுக்க அதுக்குள்ள இருக்கு." அவள் குரல் தேய்ந்தது. "'போர் லொறி வீரையா நான்தான்' எண்டு மாமா தன்ர வாயாலயே சொன்னவர். அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டால்?"

வந்தது வீண் போகவில்லை என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். லொறி எதற்கு? அவருக்கு வேண்டியது சட்டைப்பைக்குள் ஏறிவிட்டது. காசும் இல்லாமல்.

சதீஸ் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். அவன் அவரை அடிக்கப் போகிறானா, அல்லது அந்த விலைக்குச் சம்மதம் சொல்லப் போகிறானா என்று தர்மிளாவால் அவன் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. வீரையா வேட்டியை மாற்றிப் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு லொறிக்குள் ஏறிச் சீற்றில் சுருண்டு படுத்துவிட்டார்.

தர்மிளா முதல் வேலையாக விளம்பரத்தைத் திருத்தினாள். 'நாலு சக்கரமும் இழுக்கும் பழைய லொறி. சண்டைக்குப் போனதில்லை. சேற்றுக்குப் போகும்.'

உடனே ஒரு பெடியன் எழுதினான்: 'அப்ப விலை குறையுமோ அக்கா?'

அவள் குசினிக்குள் போய் மாமியாருக்குப் பக்கத்தில் பலகையில் இருந்தாள்.

"மாமி, முகாமில மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஆர்?"

"யாரோ. அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"எங்கட அப்பாவும் அந்த முகாமிலதானே நிண்டவர்? அதே வரிசையிலதானே..."

சுப்பம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். அடுப்பு ஏற்கனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

தர்மிளா மேலே கேட்கவில்லை. தன் தகப்பன் சின்னராசா இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா வாசல்வரை போய் அவரைக் கூட்டி வருவதையும், அப்பா மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கதைக்காததையும் நினைத்துக்கொண்டாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை உதைத்தது.

வெளிச்சம் மங்கும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

சதீஸின் சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. உள்ளே வந்து, காற்சட்டைப் பையிலிருந்து பளபளக்கும் ஒரு பெரிய போனை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதுக்குள்ளதான் அப்பா இருக்கிறார்," என்றான்.

பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அவரைப் பிடித்திருக்கிறான். அழியுங்கோ என்று கேட்டிருக்கிறான். கும்பிட்டும் கேட்டிருக்கிறான். "என்ர போன், என்ர உரிமை எண்டார். அது என்ர அப்பா எண்டன். பிறகு... பிறகு எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

"களவெடுத்தனீங்களோ?"

"இல்லை. பறிச்சனான்."

"அதுக்குப் பொலிஸில வேற பேரோ?" தர்மிளா தலையில் கை வைத்தாள். பொலிஸ் அறிக்கை சுத்தமாக இல்லாவிட்டால் ஒருவரும் கட்டாருக்கு ஏற்றமாட்டார்கள். கணவன் போகக்கூடாது என்று அவள் கும்பிடாத கோயில் இல்லை. அது இந்த விதமாகப் பலிக்கும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை.

"அழிச்சிட்டியளோ, அதையாவது?"

"துறக்கேலாமல் கிடக்கு. முகத்தைக் காட்டச் சொல்லுது. என்ர முகத்தைக் காட்டினன், வேண்டாமாம்."

வீரையா அதற்குள் இறங்கி வந்திருந்தார். போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் மொகத்தக் காட்டிப் பாப்பமா? உள்ள இருக்கிறவன் நான்தான?"

சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் தர்மிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சதீஸுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே அவன் தகப்பனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வீரையா மகனின் கிழிந்த சட்டையை இழுத்து மூடிவிட்டார். இந்த வீட்டில் அவர்கள் இருவரும் இவ்வளவு கிட்ட நின்று தர்மிளா பார்த்ததில்லை.

அப்போது போன் அடித்தது.

எல்லாரும் பின்வாங்கினார்கள். மேசையில் அது அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. திரையில் தமிழில் ஒரு சொல்.

சுப்பம்மா பள்ளிக்கூடம் போனவளில்லை. ஆனால் அந்தச் சொல் அவளுக்கு வாசிக்கத் தெரிந்த சொல். எழுத்துக்கூட்டினாள். "அம்...மா."

"மாமி, எடுக்க வேண்டாம்!"

சுப்பம்மா எடுத்துவிட்டாள். புடவைத் தலைப்பால் துடைத்து, காதில் வைத்தாள்.

"ஆமாங்க... இல்ல, நான் உங்க மருமவ இல்லங்க. நானும் ஒரு அம்மாதான்... பதறாதீங்க, உங்க மகன் நல்லாத்தான் இருக்காரு. காலைல எங்கூட்டுல வடை தின்னாரு." மூச்சை இழுத்தாள். "ஆனா அவரு என் புருசனத் தூக்கிச் சட்டப்பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாருங்க. அதான் எம்மவன் போயித் திருப்பிக் கொண்டாந்துருக்கான்."

கனடாவின் விடியற்காலையில் இருந்து ஒரு வயதான குரல், எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

"பிள்ளை, எனக்கு விளங்கேல்லை. என்ர மகன் என்ன செய்தவன்? முதல்ல இருந்து சொல்லு."

படலையை யாரோ தட்டினார்கள். கதிர்காமநாதனின் குரல். அதோடு பொலிஸ்காரருடையது போன்ற இன்னொரு கனத்த குரல், சிங்களம் கலந்த தமிழில் வீரையாவின் பெயரைக் கூப்பிட்டது.

வீரையா நிமிர்ந்தார். சதீஸ் வாசலை நோக்கி ஓர் அடி வைத்தான். தர்மிளா அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

சுப்பம்மா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கையை உயர்த்தி எல்லாரையும் நிற்கச் சொன்னாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"மொதல்லருந்தா? சொல்றேன்மா," என்றாள். "நீங்க ஒக்காந்துக்கிட்டீங்களா?"